சின்னக் காருக்குள் மின்சார சைக்கிள்: கழற்றுவது, ஏற்றுவது, இறக்கி மாட்டுவது

இந்த வழிகாட்டி பெடல் உள்ள மின்சார சைக்கிளுக்கு மட்டும். மின்சார ஸ்கூட்டரைக் காருக்குள் ஏற்றலாமா என்று இதுவரை இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். முடியாது, முயலவும் வேண்டாம். அதற்குச் சரக்கு ஆட்டோ இருக்கிறது.

என் வீடு குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். என்னுடையது 26 அங்குலச் சக்கரமும் பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டாரும் உள்ள சைக்கிள். பேட்டரியோடு 23 கிலோ எடை. கார் மூன்றரை மீட்டர் நீளமுள்ள ஐந்து கதவு வண்டி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு சங்குத்துறைக்கும் திற்பரப்புக்கும் பேச்சிப்பாறைக்கும் பலமுறை போய் வந்துவிட்டேன். என் வீட்டு முற்றத்தில் வந்து பழகிக்கொண்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். காரில் இடம் போதாமல் திணறியவர் அவர்களில் ஒருவரும் இல்லை. வரிசையில்தான் எல்லோரும் தடுமாறினார்கள். கடைசியில் கழற்ற வேண்டியதை முதலில் கழற்றிவிட்டு, அடுத்ததைக் கழற்ற முடியாமல் நின்றார்கள்.

காரின் மேல்கூரையிலோ பின்கதவிலோ கம்பிச் சட்டம் மாட்டி ஏற்றலாமே என்பீர்கள். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஆடி மாதம் காரோட்டியவர்கள் கூரையில் 20 கிலோவைக் கட்டிக்கொண்டு போக நினைக்க மாட்டார்கள். பின்கதவில் தொங்கவிட்டால் பதிவெண் மறையும். எப்போது மழை வரும் என்று சொல்ல முடியாத மாவட்டம் வேறு. உள்ளே வைப்பதுதான் நல்லது.

1. டேப்பையும் ஒரு மரச்சீனிக் கம்பையும் எடுங்கள்

எதையும் கழற்றுவதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். சைக்கிளில் ஒரே ஓர் அளவு முக்கியம்: முன்சக்கரம் இல்லாமல் அதன் நீளம். பின் டயரின் கடைசி விளிம்பிலிருந்து முன் அச்சின் நடு வரை அளந்தால் அது கிடைத்துவிடும், சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. என் சைக்கிளில் இது 142 செ.மீ. முழு நீளம் 176. ஒரு சக்கரத்தைக் கழற்றினாலே 34 செ.மீ. மிச்சம்.

காரில் பின்சீட்டை மடக்கிவிட்டு, டிக்கிக் கதவு மூடும் இடத்திலிருந்து முன்சீட்டின் முதுகு வரை அளக்க வேண்டும். இங்கே ஒரு தவறு எல்லோரும் செய்கிறார்கள். முன்சீட்டுகள் இரண்டையும் முழுதாக முன்னால் தள்ளிவிட்டு அளக்கிறார்கள். சைக்கிள் அழகாக உள்ளே போகும், பிறகு ஓட்டுபவரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். ஓட்டுநர் சீட்டை நீங்கள் ஓட்டும் நிலையில் வைத்துவிட்டு, இடப்பக்க முன்சீட்டை மட்டும் முன்னால் தள்ளி அளந்து பாருங்கள்.

டேப் வளையும், அதனால் மூலைவிட்ட அளவை ஏமாற்றும். நான் செய்தது இதுதான். தோட்டத்தில் கிடந்த காய்ந்த மரச்சீனிக் கம்பு ஒன்றைச் சரியாக 142 செ.மீ. நீளத்துக்கு வெட்டினேன். டிக்கியின் வலது மூலையிலிருந்து இடப்பக்க முன்சீட்டின் முதுகை நோக்கிச் சாய்வாக அதை வைத்துப் பார்த்தேன். நேராக வைத்தபோது 10 செ.மீ. வெளியே நின்ற கம்பு, சாய்வாக வைத்ததும் அடங்கியது. கம்பு அடங்கினால் சைக்கிளும் அடங்கும். அடங்காவிட்டால் மடக்கும் வகை சைக்கிள்தான் உங்களுக்குப் பொருந்தும். இந்தப் பக்கத்தை மேலும் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று: டிக்கித் தளத்தில் இருபுறமும் சக்கரக் குழி மேடாக எழும்பி நிற்கும். அந்த இரண்டு மேடுகளுக்கு இடையிலான அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கும் சைக்கிளின் ஹேண்டில்பாரும் சீட்டும் அந்த மேடுகளின் மேல்தான் வந்து உட்காரும்.

2. கையில் இருக்க வேண்டியவை

15 எண் ஸ்பேனர் (பெடலுக்கும், நட்டு வைத்த முன்சக்கரத்துக்கும்), 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, காற்றடிக்கும் கைப்பம்பு. கருவிகள் இவ்வளவுதான். பின்சக்கர மோட்டார் அச்சுக்குப் பெரும்பாலும் 18 எண் ஸ்பேனர் வேண்டும். அதை வாங்கி வீட்டிலேயே வையுங்கள், பயணத்துக்கு எடுத்துவர வேண்டாம். கையில் இருந்தால் கழற்றத் தோன்றும்.

மற்றவை வீட்டிலேயே கிடைக்கும்: பழைய சாரம் (கைலி) மூன்று, துண்டு நான்கு, ஒரு பாய், கிழிந்த சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டைகள் நான்கைந்து, கழற்றும் நட்டு, திருகுகளைப் போட்டுவைக்க மூடியுள்ள மிட்டாய் டப்பா ஒன்று, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று, 10 செ.மீ. நீளமுள்ள பிவிசி குழாய்த் துண்டு ஒன்று. கட்டுவதற்குத் தும்புக் கயிறு வேண்டாம். உறுதியில் குறையில்லை, ஆனால் வண்டி குலுங்கக் குலுங்கச் சட்டத்தின் பெயிண்டைத் தேய்த்துவிடும். டியூப் பட்டை இழுபடும், வழுக்காது, முடிச்சு இல்லாமல் சுற்றிச் செருகினாலே நிற்கும்.

கல்யாணப் பத்திரிகை எதற்கு என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.

3. முதலில் பேட்டரி, அதற்கும் முன் சுவிட்ச்

டிஸ்ப்ளேயில் மின்சாரத்தை அணைத்து, திரை இருண்ட பிறகே சாவியைத் திருப்பிப் பேட்டரியை உருவுங்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உருவினால் தொடர்பு முனைகளில் பொறி தெறிக்கும்; நாளடைவில் முனை கருகிவிடும்.

பேட்டரிதான் முதலில் என்பதற்கு எடை மட்டும் காரணமல்ல. அடுத்த படிகளில் பெடலைக் கையால் சுற்ற வேண்டிவரும், ஆக்சிலேட்டர் பிடியில் கை படும். பேட்டரி உள்ளே இருந்து, யாரோ சுவிட்சையும் போட்டிருந்தால், தூக்கிப் பிடித்த சைக்கிளின் பின்சக்கரம் திடீரென்று சுழலும். விரல் ஆரக்காலுக்குள் இருந்தால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

உருவிய பேட்டரியின் முனைகள்மீது இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மூடி கொடுத்திருந்தால் மூடியே போதும். சாவிக்கொத்து, சில்லறை, ஸ்பேனர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஓர் உலோகத் துண்டு இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் போதும், நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். பிறகு பேட்டரியை ஒரு துண்டில் சுற்றி, இடப்பக்க முன்சீட்டின் கால்வைக்கும் தளத்தில் வையுங்கள். டிக்கியில் வைத்தால் சைக்கிளின் எடை அதன்மேல் சாயும். டேஷ்போர்டில் வைத்தால் வெயில் காய்ச்சும். வீங்கிய, விரிசல் விட்ட, தண்ணீர் புகுந்த பேட்டரியைக் காருக்குள் கொண்டுபோகவே கூடாது. முழு சார்ஜும் தேவையில்லை. போய் ஓட்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இருந்தால் போதும்.

4. கியர், பெடல், சீட்: இந்த வரிசையில்தான்

கியர் உள்ள சைக்கிளாக இருந்தால், பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றி, செயினை மிகப் பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போது கியர் மாற்றும் பகுதி சட்டத்தோடு ஒட்டி உள்ளே ஒதுங்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஏற்றும்போது முதலில் வளைவது அதுதான். பெடலைக் கழற்றிவிட்டு இதைச் செய்யலாம் என்று நினைப்பவர்கள் செயினைச் சுற்ற வழியில்லாமல் விழிப்பார்கள்.

அடுத்தது பெடல். இரண்டு சக்கரங்களும் தரையில் இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு நல்ல பலம் கொடுக்க வேண்டியிருக்கும். முன்சக்கரத்தை எடுத்துவிட்ட பிறகு முயன்றால் சைக்கிள் சுழன்று உங்கள் காலில் விழும்.

இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. இதைத் தெரியாமல் இறுக்கிக்கொண்டே போய், கடைசியில் குழாயை ஸ்பேனரில் மாட்டி மிதித்தவர்களும் உண்டு. திசையை நினைவில் வைக்க ஒரே வழி: ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கட்டும். அதைப் பின்சக்கரத்தை நோக்கித் தள்ளுங்கள். வலது, இடது இரண்டு பெடலுமே அப்படித்தான் கழலும். திரும்ப மாட்டும்போது முன்சக்கரத்தை நோக்கி. மாட்டுவதற்கு முன் மரையில் துளி கிரீஸ் தடவுங்கள். கடற்கரை உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அடுத்த முறை மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். அதனால்தான் மடக்கும் வகைப் பெடலை ஒருமுறை வாங்கி மாட்டிவிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். ஸ்பேனர் வேலையில் பாதி குறையும்.

சீட்டை இறக்குவதற்கு முன் அதன் கம்பத்தில் இப்போதைய உயரத்தைக் குறித்து டேப் சுற்றுங்கள். சீட்டை முழுதாக உருவ வேண்டியதில்லை. சில சைக்கிள்களில் சீட்டுக்கும் பேட்டரிக்கும் இடையில் இடம் குறைவாக இருக்கும்; பேட்டரியை முதலில் எடுத்துவிட்டதால் இப்போது தாராளமாக இறங்கும்.

கூடை, கண்ணாடி, மணி எல்லாம் போகட்டும். மட்கார்டு மட்டும் தொல்லை. முன் மட்கார்டு தரையில் இடித்து உடையும் இடம் ஒன்று உண்டு, அதை ஏழாம் பகுதியில் சொல்கிறேன்.

5. முன்சக்கரம்

இதற்காகச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பது நம் பழக்கம். சாதாரண சைக்கிளில் தவறில்லை. இங்கே ஹேண்டில்பாரில் டிஸ்ப்ளே, ஆக்சிலேட்டர், பிரேக்கில் மோட்டாரை நிறுத்தும் சென்சார் வயர் எல்லாம் இருக்கின்றன. 20 கிலோவையும் அவற்றின் மேல் நிறுத்தினால் ஏதாவது ஒன்று நொறுங்கும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக்காக இருந்தால், கவிழ்ப்பதால் காற்றுக்குமிழி இடம் மாறிப் பிரேக் தளர்ந்து போகவும் கூடும்.

ஒருவர் ஹேண்டில்பாரைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தை எடுக்கட்டும். தனியாக இருந்தால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சக்கரத்தை எடுத்தவுடன் முன்சக்கரத்தைப் பிடித்திருந்த ஃபோர்க் என்ற இரட்டைக் காலின் நுனிக்குக் கீழே ஒரு பழைய ரப்பர் செருப்பை வையுங்கள். உங்கள் சைக்கிளில் மோட்டார் முன்சக்கரத்தில் இருந்தால் இந்தப் படி பொருந்தாது. அடுத்த பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சக்கரத்தை எடுத்த மறுநொடி, பிரேக் கட்டைகள் இரண்டுக்கும் இடையே கல்யாணப் பத்திரிகையை மடித்துச் செருகுங்கள். டிஸ்க் பிரேக்கில் அந்த இடுக்கில் வழக்கமாக ஒரு தகடு இருக்கும். சக்கரத்தோடு தகடும் போய்விட்டதால், யாராவது பிரேக்கைப் பிடித்தால் கட்டைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். எண்ணெய் பிரேக்கில் அவை தாமாகத் திரும்பி வருவதில்லை.

போன ஓணம் விடுமுறையில் சங்குத்துறையில் ஓர் இளைஞர் மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் சக்கரத்தை உள்ளே தள்ளத் தள்ள, அது போகவில்லை. காருக்குள் சைக்கிள் கிடந்தபோது பின்சீட்டில் இருந்த குழந்தை பிரேக்கைப் பிடித்து விளையாடியிருக்கிறது. கட்டைகளுக்கு இடையில் நூல் நுழைய இடமில்லை. பக்கத்துச் சுண்டல் வண்டியில் ஒரு மரக்கரண்டி வாங்கி, அதன் காம்பை மெல்லச் செருகி, கட்டைகளை இரு பக்கமும் அழுத்தி விரித்தோம். இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பியிருந்தால் கட்டையின் முகம் சிதைந்திருக்கும். அன்றிலிருந்து என் காரின் கதவுப் பையில் மூன்று பத்திரிகைகள் இருக்கின்றன. நல்ல தடித்த அட்டையாக அச்சடிப்பவர்களின் கல்யாணங்களுக்கு நான் தவறாமல் போகிறேன்.

பிறகு ஃபோர்க்கின் இரண்டு நுனிகளுக்கு நடுவே பிவிசி துண்டை வைத்து, அச்சுக் கம்பியை அதன் வழியே கோத்துவிடுங்கள். வழக்கமான முன்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் அகலம் 10 செ.மீ., அதனால்தான் துண்டும் அதே அளவு. பக்கவாட்டில் எடை விழும்போது ஃபோர்க் நெரிந்து குறுகாமல் அது தாங்கும்.

6. பின்சக்கரத்தில் கை வைக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

பின்சக்கர மோட்டாரின் அச்சு சுழலாது. அதைச் சுற்றித்தான் மோட்டார் சுழல்கிறது. அச்சு சுழலாமல் பிடித்துக்கொள்வது நட்டுக்கு உள்ளே இருக்கும் கொக்கி வைத்த வாஷர். அந்தக் கொக்கி சட்டத்தின் பிளவுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டும்போது வாஷர் புரண்டு வெளிப்பக்கம் பார்த்துவிட்டால், பார்ப்பதற்கு எல்லாம் இறுகியிருப்பதாகத் தோன்றும். முதல் ஏற்றத்தில் மோட்டார் முழு விசையில் இழுக்கும்போது அச்சு தானே சுழன்று, அதன் நடுவிலிருந்து வரும் வயரை முறுக்கி அறுத்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் முறை இரண்டு சக்கரங்களையும் கழற்றிக் கொண்டுபோய், குலசேகரம் தாண்டி ஓர் ஏற்றத்தில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு திற்பரப்பு வரை தள்ளிக்கொண்டு போனேன். புது மோட்டார் வயர் வருவதற்குப் பல வாரங்கள் ஆயின.

கழற்றியே ஆக வேண்டும் என்றால் (பஞ்சர், அல்லது கம்பு சோதனையில் சில அங்குலம் மட்டும் இடித்தால்) ஒவ்வொரு வாஷரையும் எடுப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுங்கள். மோட்டார் வயரின் இணைப்பில் இரண்டு அம்புக்குறிகள் நேருக்கு நேர் இருக்கும். முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும், மாட்டும்போது அம்புகள் சந்திக்க வேண்டும். உள்ளே நுண்ணிய ஊசிகள் இருப்பதால், திருகினால் வளைந்துவிடும். வயரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டையை வெட்ட வேண்டிவரும், மாற்று டை எடுத்து வைத்திருங்கள். இத்தனையும் வீட்டு முற்றத்தில், பகல் வெளிச்சத்தில்.

7. ஏற்றுவது

செயின் வலப்பக்கம், பிரேக் தகடு இடப்பக்கம். ஆகவே எந்தப் பக்கம் படுக்க வைத்தாலும் ஒன்று கீழே போகும். நான் இடப்பக்கத்தைக் கீழே வைக்கிறேன். செயினும் கியரும் மேலே இருந்தால் காரின் விரிப்பில் கிரீஸ் படாது, கியர் பகுதி வளையாது. பிரேக் தகட்டைக் காப்பாற்றத்தான் மூன்று துண்டுகள். அவற்றைச் சும்மாடாகச் சுருட்டுங்கள், தலைச்சுமைக்குச் சுருட்டுவதுபோல இறுக்கமாக. பின்சக்கரத்தின் ரிம் எங்கே உட்காருமோ அங்கே முக்கோணமாக மூன்று சும்மாடு. சக்கரம் அவற்றின் மேல் உட்கார்ந்தால் அச்சு நட்டும் தகடும் தளத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கையை உள்ளே விட்டுத் தகட்டின் கீழே ஒரு விரல் போகிறதா என்று பாருங்கள்.

முதலில் பாயை விரியுங்கள், அதன் மேல் சாரம், அதன் மேல் சும்மாடு. டிக்கியின் உதட்டில் இன்னொரு சாரத்தை மடித்துத் தொங்கவிடுங்கள். பெரும்பாலான கீறல்கள் அந்த உதட்டில்தான் விழுகின்றன.

பின்சக்கரம் முதலில் உள்ளே போக வேண்டும். மோட்டார் அங்கே இருப்பதால் கனமான பக்கம் அது. கனமானது உள்ளே சென்று தளத்தில் உட்கார்ந்துவிட்டால், இலேசான ஃபோர்க் பக்கத்தை டிக்கி வாசலில் நின்றபடி ஒரு கையால் தூக்கி நகர்த்தலாம். மாறாக ஃபோர்க்கை முதலில் விட்டால் கடைசி ஓர் அடிக்கு மோட்டாரைக் கையில் ஏந்தி நிற்க வேண்டும். என் மனைவியின் தம்பி அப்படித்தான் ஏற்றத் தொடங்கினான். "அத்தான், இடுப்பு போய்விட்டது" என்று பாதியில் குரல் கொடுத்தான். இறக்கி, திருப்பி, மறுபடி ஏற்றினோம்.

தூக்கும் விதம்: வலக்கையால் சீட்டுக் கம்பத்தின் அடியிலும், இடக்கையால் ஃபோர்க்குக்கு மேல் சட்டத்தின் கழுத்திலும் பிடியுங்கள். பின் டயரை டிக்கி உதட்டில் ஊன்றி, இடப்பக்க முன்சீட்டை நோக்கிச் சாய்வாகத் தள்ளுங்கள். பாதி எடையைக் கார் தாங்குவதால் நீங்கள் சுமப்பது பத்துக் கிலோகூட இருக்காது. டயர் முன்சீட்டின் முதுகைத் தொட்டதும் நிறுத்துங்கள். முன் மட்கார்டு இடித்து உடையும் இடம் இதுதான்: கடைசியில் ஃபோர்க்கைக் கீழே வைக்கும்போது மட்கார்டின் நுனி முதலில் தரையைத் தொடும். அதன் ஒரு திருகைத் தளர்த்தி மேலே சுழற்றி வைத்திருந்தால் பிழைக்கும்.

இப்போது ஹேண்டில்பாரை ஒரு பக்கமாகத் திருப்புங்கள், சட்டத்தோடு இணையாக வரும்வரை. எந்தப் பக்கம் திருப்பினால் வயர்கள் இழுபடவில்லையோ அந்தப் பக்கம். ஒரு பக்கம் வயர் விறைக்கும், மறுபக்கம் தளர்வாக இருக்கும், தளர்வானதே சரி. ஃபோர்க்கும் கூடவே திரும்பும், பரவாயில்லை. தண்டைத் தளர்த்தி ஹேண்டில்பாரை மட்டும் தனியே திருப்பலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம்தான். ஆனால் திரும்ப நேர்க்கோட்டில் வைப்பதும் சரியாக இறுக்குவதும் புதியவருக்குக் கடற்கரையில் ஆகாத வேலை. இறுகாத ஹேண்டில்பார் ஓடும்போது சக்கரத்தோடு திரும்பாது.

முன்சக்கரத்தைக் கடைசியில், சாரத்தில் சுற்றி, தகடு இருக்கும் பக்கம் மேலே பார்க்கும்படி சட்டத்தின் மேல் வையுங்கள். டிக்கிக் கதவை மெல்ல இறக்கிப் பாருங்கள். எங்காவது தட்டினால் அழுத்தி மூடாதீர்கள். கண்ணாடியில் ஹேண்டில்பார் நுனி முட்டி உடைந்த காரை நான் பார்த்திருக்கிறேன்.

8. கட்டுவதும் ஓட்டுவதும்

படுத்துக் கிடப்பது எங்கே போகப்போகிறது என்று கட்டாமல் கிளம்பாதீர்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் ஒரு பஸ் முன்னால் வெட்டித் திரும்பினால் நீங்கள் பிரேக்கை அழுத்துவீர்கள், கார் நிற்கும், சைக்கிள் நிற்காது. டியூப் பட்டையால் பின்சக்கரத்தை மடக்கிய சீட்டின் கொக்கியோடும், ஹேண்டில்பாரைப் பின்பக்க சீட் பெல்ட்டின் கொளுவியோடும் கட்டுங்கள். குழந்தைகளைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கவே வேண்டாம். சங்குத்துறைக் குழந்தைக்குப் பிரேக்கோடு போயிற்று.

உள்கண்ணாடியில் பின்பக்கச் சாலை முழுதாகத் தெரிய வேண்டும். படுக்க வைப்பதில் இருக்கும் பெரிய நன்மையே இதுதான்.

டிக்கியைத் திறந்து வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் உண்டு. காரின் புகை உள்ளே சுழன்று வரும், பதிவெண் தெரியாது, வெளியே நீட்டிய சுமை சட்டப்படியும் குற்றம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போகிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

9. இரண்டு சைக்கிள் என்றால்

இரண்டும் சேர்ந்து 45 கிலோ இருக்கும்; ஓர் ஆளின் எடைகூட இல்லை. எடையைப் பற்றிய கவலை வேண்டாம், இடம்தான் கேள்வி.

முதல் சைக்கிளின் மேல் தடித்த போர்வையை விரித்து, இரண்டாவதைத் தலைமாற்றி வையுங்கள்: முதலாவதின் ஃபோர்க் இருக்கும் பக்கம் இரண்டாவதின் பின்சக்கரம். அப்போது தடித்த பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்று வராது. மேலே சொன்ன கனமான பக்க விதியை இரண்டாவதற்கு மீற வேண்டிவரும், ஆகவே இரண்டு பேர் வேண்டும். மேலே வருவது இலேசான சைக்கிளாக இருக்கட்டும். உயரமான கூரையுள்ள சிறிய கார்களில் இது முடிகிறது. தாழ்ந்த கூரையுள்ள காரில் நான் ஒருமுறை முயன்றேன். உள்கண்ணாடியில் வெறும் டயர்தான் தெரிந்தது, பாதி வழியில் ஒன்றை மாமியார் வீட்டில் இறக்கிவைத்துவிட்டுப் போனேன். 20 அங்குல மடக்கும் சைக்கிள்கள் என்றால் இரண்டும் தாராளமாக நிற்கும்.

10. இறக்குவதும் மாட்டுவதும்

மணலில் இறக்காதீர்கள். சொத்தவிளையிலும் முட்டத்திலும் கார் நிற்கும் இடத்திலிருந்து ஓரடி தள்ளினால் மணல்தான். கிரீஸ் தடவிய பெடல் மரையில் நாலு மணல்மணி ஏறினால் மரை அரைந்துவிடும். டிக்கியில் விரித்த பாயையே தரையில் போடுங்கள், எல்லா வேலையும் அதன் மேல்.

கழற்றியதற்கு நேர்மாறான வரிசை: ஹேண்டில்பாரைக் கட்டவிழ்த்து இறக்கி, முன்சக்கரம், சீட், பெடல், கடைசியில் பேட்டரி. பத்திரிகை அட்டையை உருவிவிட்டுத் தகட்டை அந்த இடுக்கில் நேராக இறக்குங்கள். சக்கரம் ஃபோர்க்கின் இரு பக்கப் பள்ளத்திலும் முட்டி உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். சைக்கிளின் எடை சக்கரத்தின் மேல் நிற்கும்போது இறுக்கினால் தானாக நேராகிவிடும். நெம்புபிடி வைத்த அச்சு என்றால், மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு இறுக்கம் வேண்டும். மிட்டாய் டப்பாவில் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. மிச்சம் இருந்தால் ஓட்ட வேண்டாம், எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்.

பேட்டரியை மாட்டுவதற்கு முன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுங்கள். தகடு உரசும் சத்தம் கேட்டால் அச்சைத் தளர்த்தி மறுபடி உட்கார வையுங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள், நகரக் கூடாது. முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே பிடித்து ஹேண்டில்பாரைத் திருக்குங்கள். அதுவும் நகரக் கூடாது. பிறகு பேட்டரி. "கிளிக்" சத்தம் கேட்டுச் சாவியைப் பூட்டியதும் சுவிட்ச். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் நிற்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாலையில் ஏறுங்கள்.

11. திரும்பி வரும்போது

களைப்பும் இருட்டும் சேர்ந்து வரும் நேரம் இது. வரிசை குழம்புவது பெரும்பாலும் இப்போதுதான். முழுதாக இருட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பே கழற்றத் தொடங்குங்கள். தகட்டையும் ரிம்மையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஏற்றுங்கள். உப்பும் மணலும் காருக்குள் வந்தால் சீட் தண்டவாளத்தில் போய்த் தங்கி அதைத் துருப்பிடிக்க வைக்கும்.

சாப்பிட எங்காவது நிறுத்தினால் பேட்டரியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது. ஓட்டல்காரர் அதென்ன பெட்டி என்று கேட்பார், சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சார்ஜரில் போடத்தான் கை போகும். பேட்டரியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் திண்ணை நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும், அதற்குள் நீங்கள் குளித்துவிட்டு வந்துவிடலாம். முனைகளில் ஒட்டிய டேப்பை உரித்து, காய்ந்த துணியால் துடைத்து, அதன் பிறகு சார்ஜில் போடுங்கள்.